காற்றுக்கு எல்லை உண்டு, மீறினால் கேட்பார் இல்லை

(மட்டாஞ்சேரியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023 மார்ச் 2ஆம் நாள் பிற்பகலில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றியதை இந்த நகரம் மறந்திருக்காது. ஏறத்தாழ 110 ஏக்கர் வளாகம். ஆண்டுக்கணக்கில் மலைபோல் குவிந்திருந்த பிளாஸ்டிக் கழிவு எரிந்தது. தீயணைப்புத் துறையோடு கடற்படையும் விமானப்படையும் இறங்கிய பின்னரும் புகையை முழுமையாக அடக்க ஏறத்தாழ 12 நாட்கள் ஆயின. காக்கநாடு, திருப்பூணித்துறை, வைட்டிலா வட்டாரங்களில் மக்கள் பகலிலும் சன்னல்களை மூடிக்கொண்டு கிடந்தனர். பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வெளியே செல்லாதீர்கள், சென்றால் முகக்கவசம் அணியுங்கள் என்று அறிவுரை வந்தது. சுமைதூக்கும் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும் தெருவில் மீன் விற்கும் பெண்ணும் வெளியே செல்லாமல் எவ்வாறு உண்பது என்பதற்கு அந்த அறிவுரையில் விடை இல்லை.

அப்போது மாநிலத்திலும் மாநகராட்சியிலும் இடது ஜனநாயக முன்னணியே பொறுப்பில் இருந்தது. அதனால் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. புகை கட்சி பார்த்து வீசுவதில்லை. உழைக்கும் மக்களின் கட்சிதான் இதை முதலில் பேச வேண்டும்.

உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சி 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநகராட்சியின் பணம் என்பது யாருடைய பணம் என்று நான் உங்களிடம் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொகை பற்றி நாளேடுகள் நிறைய எழுதின. நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. அந்த 12 நாட்களும் கொச்சி மக்கள் சுவாசித்த காற்று, இந்நாட்டுச் சட்டத்தின்படி எந்த எல்லையை மீறியது? மீறியது என்றால், சட்டம் யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது?

இந்தியாவில் வெளிக்காற்றுக்கு எல்லைகள் உண்டு. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் அந்த எல்லைகளை வகுக்கும் பொறுப்பை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்திருக்கிறது. இன்று நடைமுறையில் உள்ளவை 2009 நவம்பர் 18 அன்று அறிவிக்கப்பட்டவை. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், காரீயம், அம்மோனியா, பென்சீன் என்று மொத்தம் 12 பொருட்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. பிளாஸ்டிக் குப்பை குறைந்த வெப்பத்தில் எரியும்போது உண்டாகும் கொடிய நஞ்சாகிய டயாக்சின் அந்தப் பன்னிரண்டில் இல்லை. குப்பையை எரிக்கும் ஆலையின் புகைபோக்கிக்கு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் டயாக்சின் எல்லையை வகுத்திருந்தன. ஆனால் பிரம்மபுரத்தில் எரிந்தது ஆலை அன்று. அது வெட்டவெளி. வெட்டவெளிக்குப் புகைபோக்கி ஏது? ஆகவே ஒழுங்காகக் கட்டிய ஆலைக்கு எல்லை உண்டு, ஒழுங்கற்று எரியும் குப்பைமேட்டின் அருகே வாழும் மனிதனின் மூச்சுக்கு எல்லை இல்லை என்பதே சட்டத்தின் நிலை.

சரி, பட்டியலில் உள்ள நுண்துகளை எடுத்துக்கொள்வோம். இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த துகள், நுரையீரலைக் கடந்து இரத்தத்தில் கலக்கக்கூடியது. இதற்கு நமது எல்லை ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது முறையே 15, 5. ஆண்டுக் கணக்கில் நாம் அனுமதிப்பது எட்டு மடங்கு. இந்த எட்டு மடங்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த அறிவிக்கையின் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. தொழிற்சங்க ஒப்பந்தங்களைப் படித்துப் பழகிய நமக்குத் தெரியும், சூழ்ச்சி எப்போதும் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

அடிக்குறிப்பு கூறுவது இது. ஆண்டுச் சராசரி காண ஓர் இடத்தில் வாரம் இருமுறை வீதம் ஆண்டுக்கு 104 முறை அளந்தால் போதும். நாள் எல்லையை ஆண்டில் 98 விழுக்காடு காலம் கடைப்பிடித்தால் போதும். மீதமுள்ள 2 விழுக்காட்டில் மீறலாம், ஆனால் அளக்கும் நாட்களில் அடுத்தடுத்த இரு நாட்கள் மீறக்கூடாது. அவ்வாறு மீறினால் என்ன நடக்கும்? சிறையா, அபராதமா, ஆலை மூடலா? எதுவும் இல்லை. தொடர்ந்து அளப்பதற்கும் மேலும் ஆராய்வதற்கும் அது போதிய காரணமாகக் கொள்ளப்படும். அவ்வளவுதான். காற்று நஞ்சானால் இன்னும் நன்றாக அளந்து பார் என்கிறது சட்டம். நோயாளியின் காய்ச்சல் ஏறினால் இன்னொரு வெப்பமானி வாங்கு என்று சொல்லும் மருத்துவரை நாம் என்ன செய்வோம்?

சராசரி என்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மீனவர் குடியிருப்புகளிலிருந்து மக்கள் மூச்சுத்திணறி ஓடினர், பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். ஆலை வாயிலருகே ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. சட்டத்தின் எல்லை 400. ஆனால் அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரி. அம்மோனியாவுக்கு ஒரு மணி நேர எல்லை என்று ஒன்று நமது பட்டியலில் இல்லை. கந்தக டை ஆக்சைடுக்கும் இல்லை. அரைமணி நேரத்தில் ஓர் ஊரையே எழுப்பி ஓடவைக்கும் கசிவு, அந்நாளின் மீதி நேரத்துக் காற்றோடு சேர்த்துச் சராசரி போட்டால் கரைந்து மறைந்துபோகக் கூடும். பிரம்மபுரத்தின் 12 நாட்களும் ஓராண்டின் 365 நாட்களோடு அவ்வாறே கலக்கின்றன. எல்லை மீறிய நகரங்களுக்கென 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் 130 நகரங்கள் உள்ளன. கொச்சி அதில் இல்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன், நமது வரலாற்றில் இதற்குரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். 2009க்கு முன் இந்தியாவில் காற்றுக்கு வர்க்கம் இருந்தது. 1994ஆம் ஆண்டின் எல்லைகள் தொழிற்பகுதிக்கு ஒன்று, குடியிருப்புப் பகுதிக்கு ஒன்று என்று தனித்தனியாக வகுக்கப்பட்டிருந்தன. சுவாசிக்கத்தக்க துகளின் ஆண்டு எல்லை குடியிருப்பில் 60, தொழிற்பகுதியில் 120. அதாவது ஏலூரிலும் மணலியிலும் ஆலைச்சுவரை ஒட்டிக் குடியிருக்கும் தொழிலாளியின் குழந்தை, நகரத்தின் வசதியான தெருவில் வளரும் குழந்தையைவிட இருமடங்கு புழுதியைச் சுவாசிக்கலாம் என்று அரசிதழிலேயே எழுதிவைத்திருந்தார்கள். 2009இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. காகிதத்தில் எல்லா நுரையீரலும் சமமாயின. அதே டிசம்பரில் கடுமையாக மாசடைந்த 43 தொழிற்பகுதிகளின் பட்டியலை மத்திய வாரியம் வெளியிட்டபோது பெருங்கொச்சியும் மணலியும் கடலூரும் கோவையும் அதில் இருந்தன. சமம் என்று எழுதிய மை காய்வதற்குள் சமமில்லை என்பதற்கான சான்றையும் அவர்களே தந்துவிட்டார்கள்.

எல்லை மீறப்பட்டால் யாரேனும் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை இருந்தால் என்ன மாறும்? இலண்டனில் எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். போக்குவரத்து மிகுந்த சாலைக்கு அருகில் அவள் வீடு. தாய் விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி அவள் இறப்பிற்குக் காற்று மாசும் காரணம் என்று தீர்ப்பளித்தார். அவள் வாழ்ந்த பகுதியில் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்ட எல்லையை மீறியிருந்தது என்பது அந்த விசாரணையில் அசைக்க முடியாத சான்றாக நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய சட்டம் 2030க்குள் நுண்துகளின் ஆண்டு எல்லையை 25லிருந்து 10ஆகக் குறைக்கிறது. எல்லை மீறலால் உடல்நலம் கெட்டவர் இழப்பீடு கோரும் உரிமையையும் தருகிறது. ஐரோப்பிய முதலாளித்துவத்தை நான் புகழவில்லை. புகைகக்கும் வேலைகளில் பெரும்பகுதியை நம்மைப் போன்ற நாடுகளுக்குத் தள்ளிவிட்டுத் தம் வானத்தைத் துடைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் எண்ணோடு உரிமையும் சேர வேண்டும் என்பதை அங்குள்ள மக்கள் போராடிப் பெற்றிருக்கிறார்கள்.

இங்கோ, காற்று மாசுக்கும் மரணத்திற்கும் நேரடித் தொடர்பை நிறுவும் உறுதியான தரவு இல்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கூறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பங்கேற்ற ஆய்வு, 2019இல் மட்டும் இந்தியாவில் 16.7 லட்சம் மரணங்களுக்குக் காற்று மாசு காரணம் என்று மதிப்பிட்டது. அரசு தன் சொந்த விஞ்ஞானிகளையே நம்பவில்லை.

நம்பாதது மட்டுமன்று, இருக்கும் எல்லையையும் தளர்த்துகிறது. அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு எல்லை 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். பிறகு 2022 என்றார்கள், பிறகு இன்னும் தள்ளினார்கள். 2025 ஜூலையில், ஏறத்தாழ 78 விழுக்காடு மின் அலகுகளுக்கு அந்தக் கருவியைப் பொருத்தும் கட்டாயமே இல்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள். இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அவர்கள் கூறும் காரணம். வெளியேறும் கந்தகம் வானில் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும் என்பதை அந்தக் காரணம் கணக்கில் கொள்ளவில்லை. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டத்தையும் பாருங்கள். ஆலை அளவுமீறிப் புகை வெளியிட்டால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்று காற்றுச் சட்டத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை தண்டத்தொகை என்று மாற்றினார்கள். அதை விதிப்பவரும் நீதிபதி அல்லர், அரசு அமர்த்தும் அதிகாரி. ஒரு பெருநிறுவனத்திற்கு 15 லட்சம் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி.

இப்போது நமக்குள் பேச வேண்டியதற்கு வருகிறேன். எல்லையை இறுக்கினால் ஆலை மூடும், வேலை போகும் என்ற அச்சம் தொழிலாளர்களிடம் உண்டு. அது பொய்யான அச்சம் அன்று. ஆலை முதலாளி அந்த அச்சத்தைத்தான் முதலீடு செய்கிறான். தூத்துக்குடியில் வேலையையும் காற்றையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். முடிவில் 2018 மே மாதம் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தாமல் மிச்சம் பிடித்த பணம் எந்தத் தொழிலாளியின் கூலியிலும் சேரவில்லை. ஆகவே எல்லையைக் கோரும்போது கூடவே இன்னொன்றையும் கோர வேண்டும். எல்லை மீறியதற்காக ஆலை நிறுத்தப்படும் நாட்களுக்கும் தொழிலாளிக்கு முழுக்கூலி தரப்பட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இது இல்லாத சுற்றுச்சூழல் இயக்கம் ஆலைவாயிலில் தோற்கும், காற்றைப் பேசாத தொழிற்சங்கம் குடியிருப்பில் தோற்கும்.

இந்த மட்டாஞ்சேரிக்கு இது புதிய பாடம் அன்று. கூட்டத்தின் மீது உலோக வில்லையை எறிந்து, பொறுக்கியவனுக்கு மட்டும் வேலை என்ற சாப்பா முறையை எதிர்த்து 1953 செப்டம்பரில் துறைமுகத் தொழிலாளர்கள் இதே தெருக்களில் உயிர் கொடுத்தார்கள். வேலை வேண்டுமானால் மானத்தை விடு என்றார்கள் அன்று. மூச்சை விடு என்கிறார்கள் இன்று. அருகே வெளியில் துணி வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள், கயிற்றில் உலரும் வெள்ளைத் துணியில் கரி படிந்தால் அன்றைய கூலி போயிற்று. அவர்களிடம் அளவுகருவி இல்லை, ஆனால் காற்று கெட்டதை வாரியத்திற்கு முன்பே அறிபவர்கள் அவர்கள்.

மாநில அரசின் கையிலும் அதிகாரம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் எரிபொருள் அல்லாத பொருட்களை எரிப்பதைத் தடைசெய்ய 19ஆம் பிரிவு இடம் தருகிறது. மத்திய வாரியத்தைக் கலந்துகொண்டு ஆலைப் புகைக்கு எல்லை வகுக்க 17ஆம் பிரிவு மாநில வாரியத்திற்கு அதிகாரம் தருகிறது. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் நேரடியாகக் குற்றப்புகார் கொடுக்க 43ஆம் பிரிவு வழிசெய்திருக்கிறது. குற்றங்களைத் தண்டத்தொகையாக்கியதால் அந்த உரிமை செயல்படும் களம் சுருங்கிவிட்டது என்பதும் உண்மை. ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் நாம் இழந்தவற்றில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்பட்டது.

கூட்டம் முடிந்ததும் ஒரு மனு உங்கள் கைக்கு வரும். கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள். மட்டாஞ்சேரிக்கு மிக அருகிலுள்ள அளவுகருவி எங்கே இருக்கிறது, பிரம்மபுரம் எரிந்த 12 நாட்களில் அது ஒவ்வொரு மணி நேரமும் காட்டிய அளவு என்ன, டயாக்சின் அளக்கப்பட்டதா, அளந்திருந்தால் அந்த அறிக்கை எங்கே என்று மாநில வாரியத்திடம் கேட்டிருக்கிறோம். மலையாளத்திலும் தமிழிலும் இருக்கிறது. உங்கள் தெருவில் அண்டை வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி வெள்ளிக்கிழமைக்குள் தோழர்களிடம் சேர்த்துவிடுங்கள்.