வேலைக்கு வெளிநாடு போகலாமா?



கோலார் தங்கவயல், வேலை தேடி வந்தவர்களால் உருவான ஊர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கித் தங்கம் எடுத்தார்கள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது இளைஞர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். சிலர் வெளிநாடு போக நினைக்கிறார்கள்.

போவது தவறில்லை. தாத்தாக்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் அவர்களுக்குச் சொந்த ஊர் பக்கம். கடல் கடந்து போனவர் நினைத்தவுடன் திரும்ப முடியாது.

ஆகவே முதலில் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள். ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.