வட்டம், வட்டம், வட்டம்

பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஆப் டிசைன் சொல்லிக்கொடுக்கப் போய், நான் பாடம் கத்துக்கிட்டு வந்த கதைதான் இந்த எபிசோட்.

ஒரு அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 20 பேர், நான்கு சனிக்கிழமை. கோடிங் கிடையாது. "உங்க ஊருக்கு என்ன ஆப் வேணும்? பேப்பர்ல வரைஞ்சு காட்டுங்க." அவ்வளவுதான் வேலை. பேப்பர் புரோட்டோடைப்ல ஒரு வசதி, தப்புன்னா அழிச்சுட்டு ரெண்டு நிமிஷத்துல திரும்ப வரையலாம்.

ஒரு குழு ரேஷன் கடைக்கு ஆப் வரைஞ்சாங்க. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம், பக்கத்துல ஒரு வட்டம். இருப்பு இருந்தா பச்சை, இல்லைன்னா சிவப்பு. ரொம்ப அழகா இருந்தது. நான் கைதட்டினேன்.

அடுத்த வாரம் பார்வையற்ற நண்பர் ஒருவரைக் கூட்டிட்டுப் போனேன். அவர் போன்ல டாக்பேக் பயன்படுத்துறவர். விரல் படுற இடத்துல என்ன இருக்கோ அதை அது வாய்விட்டுச் சொல்லும். அவர் அந்தக் குழுவில் இருந்த ஒரு பொண்ணுகிட்ட, "நீதான்மா இப்ப என் டாக்பேக். எழுதியிருக்கிறதை மட்டும் படி. எழுத்து இல்லைன்னா உருவத்தைச் சொல்லு" என்றார்.

அவர் பேப்பர் மேல விரலை நகர்த்தினார். அவள் படித்தாள்: "வட்டம். வட்டம். வட்டம்."

வகுப்பே சிரித்தது. அப்புறம் அமைதியாகிவிட்டது.

எனக்கு அந்தச் சத்தம் புதுசு இல்லை. என் முதல் வேலையில் நான் செஞ்ச ஒரு ஆப்ல, பணம் கட்டுற பட்டனுக்கு ஐகான் மட்டும்தான் வெச்சேன், லேபிள் தரலை. பார்வையற்ற ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். "அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்"னு பட்டியல்ல போட்டேன். நான் வேலையை விட்ட அன்னைக்கும் அது பட்டியல்லதான் இருந்தது.

அந்தப் பொண்ணுதான் அடுத்துப் பேசினாள். "அண்ணா, எங்க ஆயாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், படிக்கத்தான் தெரியாது. ரேஷன் வாங்கப் போறது அவங்கதான்."

மூன்றாம் வாரம் புதுப் பேப்பர். வட்டத்துக்குப் பதிலா "அரிசி இருக்கு", "சர்க்கரை இல்லை". பக்கத்துல அதைப் பேசிக்காட்ட ஒரு ஸ்பீக்கர் பட்டன். சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாதவங்களுக்கும் இது போதும். அதுக்கப்புறம்தான் விதிகளைச் சொன்னேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1. ஆண்ட்ராய்டுல தொடுற பட்டன் 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர். ஸ்கேல் எடுத்து அவங்களே அளந்தாங்க. முதல் நாளே இந்த எண்களைச் சொல்லியிருந்தா நோட்டுல எழுதிட்டு மறந்திருப்பாங்க.

நண்பர் மறுபடி விரலை வைத்தார். "சர்க்கரை இல்லையா? சரி, நாளைக்கு வர்றேன்." இந்தத் தடவை எல்லாருமா சிரிச்சோம்.

அந்தப் பொண்ணு பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாள். ஆயா கேட்டாங்களாம்: "கடையில் கூட்டம் எப்பக் குறையும்னு இது சொல்லுமா?" எங்க யாருக்கும் தோணாத கேள்வி. நான்காம் வாரம் முழுக்க அதைத்தான் வரைஞ்சோம்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். டாக்பேக்கை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு, நீங்க செஞ்ச ஆப்பையே பயன்படுத்திப் பாருங்க. ஆஃப் பண்றது எப்படின்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஆன் ஆனதும் ஒரு தட்டு போதாது, ரெண்டு தடவை தட்டணும். என்ன கேட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.