ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்

நம்ம வடமதுரைப் பிள்ளைகள் பலபேர் சென்னையில ஹோட்டல், கட்டட வேலைன்னு இருக்காங்க. என் மகனும் அங்கே ராத்திரி ஷிப்டுதான். அதான் இதைப் பேச வந்தேன்.

2022 ஏப்ரலில் சென்னையில் ராத்திரி வாகனச் சோதனையில் பிடிபட்டவர் விக்னேஷ். மெரினாவில் குதிரை சவாரி விட்டுப் பிழைத்தவர், வயசு 25. மறுநாளே இறந்துட்டார். வலிப்புன்னு போலீஸ் சொன்னது. பிரேதப் பரிசோதனையில் 13 காயம். அப்புறம்தான் கொலை வழக்காகி, போலீஸ்காரங்களே கைதானாங்க.

கைதுன்னா வீட்டுக்குத் தகவல் சொல்லியாகணும். 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். சாட்சி விசாரணைக்குப் பொம்பளைங்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்கணும். இலவச சட்ட உதவிக்கு 15100. குழு நோட்டு அட்டையில எழுதிவைங்க. மகனுக்கும் போன்ல சொன்னேன். எழுதிக்கிட்டானான்னு இன்னிக்கு ராத்திரி கேட்கணும்.