கணுக்கால் ஆபரேஷன்: கடன் வாங்கும் முன் கேட்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



மூட்டு ஆபரேஷன் என்றால் நமக்கெல்லாம் முழங்கால்தான் ஞாபகத்துக்கு வரும். இன்றைக்குக் கணுக்காலைப் பற்றிப் பேசுவோம்.

நம் குழுவில் நடவு வேலை செய்யும் அக்கா ஒருவர், வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்தது. எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போட்டுக்கொண்டார். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 48 வயசில், பஸ் படி ஏற முடியவில்லை. "மூட்டை மாத்திடலாமாம், கடன் குடுங்க" என்று குழுவில் கேட்டார். "அப்புறம் வயல்ல இறங்கலாமா?" என்று கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அதனால் விசாரித்தோம்.

முழங்கால் பெரும்பாலும் வயசானதால் தேயும். கணுக்கால் தேய்வதற்குப் பெரும்பாலும் பழைய எலும்பு முறிவும் பலத்த சுளுக்கும்தான் காரணம். சிலருக்கு முடக்குவாதத்தாலும் வரும். எடுத்த எடுப்பில் ஆபரேஷன் கிடையாது. மாத்திரை, ஊசி, கணுக்கால் பட்டை, கெட்டியான ஷூ, உடல் எடையைக் குறைப்பது எல்லாம் பார்த்துவிட்டு, அதற்கும் அடங்காத வலிக்குத்தான் ஆபரேஷன்.

அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, தேய்ந்த இரண்டு எலும்புகளையும் ஸ்குரூ போட்டு ஒன்றாகச் சேர்ப்பது. மூட்டு மடங்காது, ஆனால் வலி குறையும். சமதரையில் நன்றாக நடக்கலாம். குத்த வைத்து உட்காருவதும் மேடு ஏறுவதும் சிரமம். பல வருஷம் கழித்துப் பக்கத்து மூட்டுகள் தேயலாம்.

இன்னொன்று, உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கை மூட்டு வைப்பது. கணுக்கால் ஓரளவு அசையும். ஆனால் பாரம் தூக்கி உழைப்பவர்களுக்குச் சீக்கிரம் தேயலாம், தளரலாம். அப்போது மறுபடியும் ஆபரேஷன்.

இங்கிலாந்தில் 50 முதல் 85 வயது வரை உள்ள 303 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. எது மேல் என்று சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை. செயற்கை மூட்டு வைத்தவர்களுக்குப் புண் ஆறுவதில் தொல்லை கூடுதல். எலும்பைச் சேர்த்தவர்களில் சிலருக்கு எலும்பு கூடவில்லை. ஆகவே 'மாற்று மூட்டுதான் உசத்தி' என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

டாக்டரிடம் இவற்றைக் கேட்போம்:

1. என் வேலைக்கு எது பொருந்தும்?
2. எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது?
3. சர்க்கரை இருக்கிறது, புகையிலைப் பழக்கம் இருக்கிறது, புண் ஆறுமா?
4. அரசு காப்பீட்டு அட்டையில் இந்த ஆபரேஷன் வருமா?

அக்கா இந்தக் கேள்விகளோடு போனார். சேற்றில் நின்று, கட்டுச் சுமப்பவர் என்று தெரிந்ததும் டாக்டர் எலும்பைச் சேர்க்கும் ஆபரேஷனைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு மேல் கூலி இருக்காது என்றும் சொன்னார். அதை யாருமே கணக்குப் பண்ணவில்லை! இப்போது அந்த மாதங்களின் வீட்டுச் செலவையும் சேர்த்துத்தான் குழுவில் கடன் தீர்மானித்தோம். வட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கால் பிசகி வீங்கி, ஊன்ற முடியவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லுங்கள்.