காணொளி வெளிவரும் வழி



கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலையை நோக்கிக் கல்வராயன் மலைமேல் ஏறினால் வழியிலும் அக்கம்பக்கத்திலும் அருவிகள் பலவற்றைக் காணலாம். அருவி காணச் செல்வோர் இந்நாளில் அதனைக் கைப்பேசியில் படம் பிடித்து, யூடியூப் போன்ற தளங்களில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றிய படம் உடனே வெளிவருவதில்லை. சற்று நேரம் காத்திருக்க நேர்கிறது. அந்நேரத்தில் என்ன நடைபெறுகிறது என்பதை இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். நல்ல தெளிவுள்ள படச்சட்டம் ஒன்றில் 1080 கிடைவரிகளும், வரி ஒன்றுக்கு 1920 புள்ளிகளும் உள்ளன. ஆகப் புள்ளிகள் 20 லட்சத்துக்கும் மேல். புள்ளி ஒன்றின் நிறத்தைக் குறிக்க மூன்று பைட்டு வேண்டும். வினாடிக்கு 30 சட்டங்கள் ஓடுகின்றன. பெருக்கிப் பார்த்தால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 19 கோடி பைட்டு வருகிறது. ஆனால், இத்தகைய காணொளிக்கு யூடியூப் பரிந்துரைக்கும் அளவோ வினாடிக்குப் பத்து லட்சம் பைட்டுத்தான். கைப்பேசியே படத்தைச் சுருக்கித்தான் வைக்கிறது. தளம் அதனை விரித்து, தன் தேவைக்கேற்ப மீண்டும் சுருக்குகிறது.

இவ்வளவு பெரிய சுருக்கம் எவ்வாறு இயலும்? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே சட்டத்துக்குள் சிக்கனம். சட்டத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்ல மாறும் ஒளியையும் விரைந்து மாறும் நுணுக்கங்களையும் வேறுபடுத்துகிறார்கள். நம் கண் எளிதில் உணராத நுணுக்கங்களைக் குறைத்துவிடுகிறார்கள். இதற்கு அடிப்படையான கணித முறையை 1974ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர். நாசிர் அகமது பெங்களூரில் பிறந்தவர். இந்த ஆய்வுக்கு அவர் அமெரிக்காவில் பொருளுதவி கேட்டபோது, கருத்து மிக எளிது என்று மறுத்துவிட்டனர். அந்த எளிய கருத்தின் வழிவந்த முறைகளே இன்று உலகெங்கும் படங்களைச் சுமந்து செல்கின்றன.

மற்றொன்று, சட்டத்துக்குச் சட்டம் காணும் சிக்கனம். கோமுகி அணையைக் கரையில் நின்று படம் பிடித்தால், பின்னாலுள்ள மலையும் கரையும் அடுத்த சட்டத்திலும் அப்படியேதான் இருக்கும். அவற்றை மறுபடி எழுத வேண்டியதில்லை. மாறியதை மட்டும் குறித்தால் போதும். அருவிக்கு இந்த உபாயம் பலிப்பதில்லை. ஒவ்வொரு துளியும் தன் போக்கில் சிதறுவதால், அடுத்த சட்டம் எப்படியிருக்கும் என்று கணினியால் ஊகிக்க முடிவதில்லை. அருவிப்படம் திரையில் பஞ்சுப்பொதிபோல் மங்கித் தெரிவதன் காரணம் இதுவே.

இனிச் செயலாக்கத்தின் வரிசையைக் காண்போம். வந்த கோப்பின் வடிவத்தைத் தளம் முதலில் ஆராய்கிறது. பின் அதனைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கிப் பல கணினிகளுக்குப் பங்கிடுகிறது. அவை ஒரே நேரத்தில் உழைத்து, 144 வரி, 240, 360, 480, 720, 1080 எனப் பல தரங்களில் அப்படத்தைப் படைக்கின்றன. தரம் குறைந்தவை முதலில் வெளிவரும். உயர்ந்தவை பின்னர் வந்து சேரும். இதனிடையே பிறர் உரிமையுள்ள பாட்டோ காட்சியோ கலந்திருக்கிறதா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யூடியூப் இத்தகைய சோதனையை 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. அருவியின் ஓசைக்குப் பதிலாகத் திரைப்பாட்டை ஒட்டுவோர் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

ஒரே படத்துக்கு இத்தனை தரங்கள் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அணைநீர் பெருங்கால்வாயில் அதன் கொள்ளளவுக்கும், வயல் வாய்க்காலில் அதன் கொள்ளளவுக்கும் ஏற்பச் செல்கிறதல்லவா? அதுபோலவே காண்பவரின் இணைப்பு வலுவாயிருந்தால் உயர்ந்த தரமும், நலிந்திருந்தால் தாழ்ந்த தரமும் செல்கின்றன. காட்சி ஓடும்போதே, துண்டுக்குத் துண்டு இந்தத் தேர்வு நடைபெறுகிறது. மலைப்பாதையின் ஒரு வளைவில் கிடைக்கும் அலை அடுத்த வளைவில் மெலிந்துவிடும். அங்கே இருக்கும் மாணவனுக்கு 144 வரிப் படமே துணை. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசிக்கு வந்தபோது, இதன் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது.

ஆனால் இயந்திரத்தின் உதவிக்கும் எல்லை உண்டு. கரும்பலகையில் எழுதிய ஓர் எழுத்து 1080 வரிப் படத்தில் 30 வரி உயரம் இருப்பதாகக் கொள்வோம். 144 வரிப் படத்தில் அது நான்கே வரியாகக் குறுகும். ஐந்து வரி உயரமுள்ள மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு வரிகூட மிஞ்சாது. நீங்கள் ‘கல்’ என்று எழுதியது மலைமேல் இருப்பவனுக்குக் ‘கல’ என்று தெரியும். கணக்குப் பாடமானால் தசமப் புள்ளியும் இவ்வாறே மறையும். இக்குறையைத் தளத்தின் கணினிகள் தீர்க்கமாட்டா. படம் எடுப்பவரே தீர்க்க வேண்டும்.

ஆதலால் பாடத்தையோ செய்முறையையோ படமாக்க விரும்பும் மாணவர்கள் எழுத்துகளைப் பெரிதாக எழுதுங்கள். கருவியை அசையாமல் நிறுத்துங்கள்; அப்போது சிக்கனம் வேண்டிய இடத்தில் பயன்படும். வெளிச்சம் போதிய அளவு இருக்கட்டும். இருட்டில் எடுத்த படத்தின் மினுமினுப்பும் அருவித்துளிபோலவே பைட்டுகளை விழுங்கும். வெளியிடுமுன் உங்கள் படத்தை ஒருமுறை 144 வரித் தரத்தில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். அதில் எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால், வெள்ளிமலையில் மெல்லிய அலையை நம்பியிருக்கும் உங்கள் தோழனுக்கும் அந்தப் பாடம் போய்ச் சேரும்.