கணிப்பொறியின் முதல் மடை



பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவற்றின் பெயர்கள். அணையில் தேங்கிய நீர் கால்வாயில் இறங்குகிறது. கால்வாயிலிருந்து குளத்தை அடைகிறது. குளத்து மடை வழியே வாய்க்காலில் ஓடி வயலைச் சேர்கிறது. வயலில் நிற்கும் உழவர் வரப்பை வெட்டி நீரைத் தம் பாத்திக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் மேலே உள்ள மடை திறவாதவரை அவர் கையிலுள்ள மண்வெட்டியால் என்ன பயன்? தாமிரபரணிக் கரையில் வாழ்வோருக்கு இவ்வுண்மையை ஒருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

கணிப்பொறிக்கும் இத்தகைய மேல்மடை ஒன்று உண்டு. அதனைக் கண்டவர் சிலர். அதனைத் தம் கையால் அமைத்தவர் மிகச் சிலர். அந்த முதல் மடையைப் பற்றியும், அதனை நாமே அமைத்துக்கொள்ளும் வகையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கணிப்பொறியின் விசையை அழுத்துகிறோம். சில நொடிகளில் திரை ஒளிர்கிறது. நாம் பழகிய படங்கள் தோன்றுகின்றன. அந்தச் சில நொடிகளில் நிகழ்வது என்ன? விசையை அழுத்திய கணத்தில் கணிப்பொறியின் நினைவகத்தில் பயன்படத்தக்கது எதுவும் இல்லை. லினக்ஸ் ஆயினும் விண்டோஸ் ஆயினும் இயங்குதளம் முழுவதும் வட்டிலே உறங்குகிறது. வட்டைப் படிக்கும் வழியையும் நுண்செயலி அப்போது அறியாது. அது அறிந்தது ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட ஒரு முகவரிக்குச் சென்று, அங்கே எழுதியிருக்கும் கட்டளையை நிறைவேற்ற வேண்டும் என்பதே. நம் மேசைக் கணிப்பொறிகளில் வழங்கும் இன்டெல் வகை நுண்செயலிகளில் அந்த முகவரி 4 கிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட்டுகள் கீழே அமைந்துள்ளது. அம்முகவரியில் காத்திருப்பது, மின்பலகையில் பொருத்திய ஒரு சிறு சில்லு. விரல் நகத்தைவிடச் சிறிய அச்சில்லில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதிக்கு நிலைபொருள் என்று பெயர்.

நிலைபொருள் தன் பணியைப் படிப்படியாகச் செய்கிறது. முதற்கண் நினைவகத்தைத் தயார் செய்ய வேண்டும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நினைவகத்தைத் தயார் செய்யும் நிரலுக்கே, தன் இடைக்கணக்குகளை எழுதி வைக்கச் சிறிது நினைவிடம் வேண்டுமே! நெல் விளைவதற்கு முன்னே விதைநெல்லுக்கு எங்கே போவது? அறிஞர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். நுண்செயலியின் உள்ளேயே உள்ள விரைவுத் தேக்கத்தைச் சிறிது நேரத்திற்கு நினைவகம் போலப் பயன்படுத்திக்கொண்டனர். நினைவகம் விழித்தபின், நிலைபொருள் ஏனைய கருவிகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. இறுதியில் தொடக்க ஏற்றி என்னும் நிரலை அழைக்கிறது. பூட்லோடர் என்று பலரும் வழங்குவது இதனையே. தொடக்க ஏற்றி வட்டிலிருந்து இயங்குதளத்தின் கருவை எடுத்து நினைவகத்தில் வைத்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்து விலகுகிறது. மடையிலிருந்து மடைக்கு நீர் செல்வதுபோல, ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்கு ஆட்சி செல்கிறது.

இந்த வரிசையில் ஒரு மடையைத் தமிழகத்து மாணவர் பலர் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. பொறியை இயக்கியதும், 'இவ்விரண்டில் எது வேண்டும்?' என்று கேட்கும் திரை ஒன்று தோன்றும். அத்திரையே தொடக்க ஏற்றியின் முகம். மாணவர் தாம் விரும்பியதைத் தேர்ந்துகொண்டனர். ஆனால் அத்திரை தோன்றுவதற்கு முன்பே வேறொரு நிரல் இயங்கி முடிந்திருந்தது. அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ, அதன் மூலநிரலைப் படிக்கும் வாய்ப்போ அவர்களுக்கு இல்லை.

அந்த மூலநிரல் எப்போதும் மறைந்தே இருந்ததா? இல்லை. 1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிக் கணிப்பொறியை வெளியிட்டபோது, பயாஸ் என்னும் அதன் நிலைபொருளின் மூலநிரலைத் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டது. எவரும் அதனைப் படிக்கலாம். ஆனால் படியெடுத்து விற்கக் காப்புரிமை தடுத்தது. பின்னர் வந்த நிறுவனங்கள் தத்தம் நிலைபொருளை எழுதிக்கொண்டன. ஆனால் மூலநிரலை மூடி வைத்தன. மூடியிருந்ததனால் அது காவலோடு இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1999 ஏப்ரல் 26-ஆம் நாள், சிஐஎச் என்னும் நச்சுநிரல் ஆசிய நாடுகளில் எண்ணற்ற கணிப்பொறிகளைத் தாக்கியது. வட்டிலுள்ளவற்றை அழித்ததோடு அமையாது, பல பொறிகளில் நிலைபொருள் சில்லையும் அழித்துவிட்டது. முதல் கட்டளை அழிந்த பொறி, விசையை அழுத்தினாலும் விழிக்கவில்லை.

அதே 1999-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் என்பவர் லினக்ஸ்பயாஸ் என்னும் முயற்சியைத் தொடங்கினார். பல கணிப்பொறிகளை ஒருங்கிணைத்துப் பெருங்கணக்குகள் செய்யும் கூட்டங்களில், ஒவ்வொரு பொறியும் ஆள் துணையின்றித் தானே விழித்தெழ வேண்டும் என்பது அவர் நோக்கம். 2008-இல் அம்முயற்சி கோர்பூட் என்று பெயர் மாற்றம் பெற்றது. இன்று குரோம்புக் எனப்படும் மடிக்கணினிகள் அதனைக்கொண்டே விழிக்கின்றன. சிறு கருவிகளுக்கென ஜெர்மானியரான வுல்ப்காங் டெங்க் வளர்த்த யு-பூட் என்பது மற்றொரு திறமூல ஏற்றி.

இனி, கோர்பூட் படிமத்தை நாமே கட்டுவது எங்ஙனம் என்று காண்போம்.

முதலில் மூலநிரலை இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, அதனைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பிக் கருவிகளையும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். 'நம் கணிப்பொறியில் முன்னரே தொகுப்பி உள்ளதே?' என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதிப்பு இருக்குமானால் விளைவும் வேறுபடும். அளவுகோல் ஒன்றாக இருந்தால்தான் அளவும் ஒன்றாகும் அன்றோ? 'மேக் கிராஸ்ஜிசிசி' என்னும் கட்டளை இப்பணியைச் செய்யும், சற்று நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும்.

பின்னர் 'மேக் மெனுகான்பிக்' என்னும் கட்டளையால் ஒரு பட்டியல் திறக்கும். இதுவே அமைவு நிலை. நான்கு வினாக்களுக்கு இங்கே தவறாது விடை கூற வேண்டும். பலகையைச் செய்தவர் யார்? பலகையின் வகை யாது? சில்லின் கொள்ளளவு 4 மெகாபைட்டா, 8 மெகாபைட்டா, 16 மெகாபைட்டா? நிலைபொருள் தன் பணி முடிந்ததும் யாரை அழைக்க வேண்டும்? நான்காம் வினாவுக்குச் சீபயாஸ், கிரப், லினக்ஸ் கரு என விடைகள் பல உண்டு. நம் விடைகள் யாவும் ஒரு கோப்பில் பதிவாகும். இறுதியாக 'மேக்' என்று மட்டும் கட்டளையிட்டால், 'கோர்பூட் டாட் ராம்' என்னும் படிமக் கோப்பு பிறக்கும்.

படிமம் பிறந்தவுடன் அதனைச் சில்லில் எழுத விரையாதீர்கள். சில்லில் ஏற்கெனவே உள்ளதை முதலில் படித்துச் சேமியுங்கள். பிளாஷ்ராம் என்னும் நிரல் இதற்கு உதவும். ஒருமுறை அன்று, இருமுறை படித்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கவ்வி சரியாகப் பற்றாவிட்டால் படித்தது பிழையாகும். பிழையான படி ஆபத்துக் காலத்தில் கை கொடுக்காது.

இதனை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த மாணவர் இருவர், பழைய திங்க்பேட் எக்ஸ்200 மடிக்கணினி ஆளுக்கொன்று வாங்கினர். இருவருக்கும் ஆர்வம் மிகுதி, பொறுமை குறைவு. யாரோ கட்டி வைத்திருந்த ஆயத்தப் படிமம் ஒன்றை இறக்கி, இரண்டு பொறிகளிலும் எழுதினர். நான் அருகில் இருந்தேன்; தடுக்கவில்லை. இரண்டு பொறிகளும் நன்றாகவே விழித்தன. மகிழ்ச்சியோடு சென்றனர். மறுநாள் விடுதியில் இருவரும் தத்தம் பொறியை வலைக்கம்பியில் இணைத்தபோது தொல்லை தொடங்கியது. ஒருவருக்கு இணைப்புக் கிடைத்தால் மற்றவருக்கு அறுந்தது. கம்பியை மாற்றினர், இயங்குதளத்தை மாற்றினர், பயன் இல்லை.

காரணம் பிறகு விளங்கியது. ஒவ்வொரு பொறியின் வலையமைப்புக்கும் 48 பிட் நீளமுள்ள தனி எண் ஒன்று உண்டு; அதுவே வலையில் அப்பொறியின் அடையாளம். எக்ஸ்200 பொறியில் அந்த எண் நிலைபொருள் இருக்கும் அதே சில்லில், தனியாக ஒரு பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயத்தப் படிமத்தை முழுமையாக எழுதியபோது இரண்டு பொறிகளின் சொந்த எண்களும் அழிந்து, இரண்டுக்கும் ஒரே எண் வந்துவிட்டது. ஒரே பெயரும் ஒரே வீட்டு எண்ணும் உடைய இருவருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? ஒரு மாணவர் பழைய சில்லின் படியைச் சேமித்திருந்தார். அதிலிருந்து அவர் எண்ணை மீட்டோம். மற்றவர் சேமிக்கவில்லை. நல்லவேளையாக, அவர் பொறியில் ஒட்டியிருந்த சிறு சீட்டில் அந்த எண் அச்சாகியிருந்தது. அதன்பின் இருவரும் பொறுமையாக அமர்ந்து, தத்தம் பொறிக்குரிய படிமத்தைத் தாமே கட்டினர். எத்துணை எளிதாயினும் இரவல் படிமம் நம் பொறியை அறியாது என்பதை அன்று நானும் அவர்களோடு கற்றேன்.

இத்துறையின் எல்லைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். கோர்பூட் திறமூலமே ஆயினும், பல பலகைகளில் நினைவகத்தை எழுப்பும் பகுதி செய்தவர் தரும் மூடிய நிரலாகவே உள்ளது. இன்டெல் பொறிகளில் மேனேஜ்மென்ட் என்ஜின் என்னும் தனிச் செயலகம் ஒன்று உண்டு. எக்ஸ்200 காலத்துப் பொறிகளில் அதன் நிரலை முற்றிலும் நீக்கிவிடலாம். பின்னர் வந்தவற்றில் அங்ஙனம் இயலாது. 2013 முதல் வந்த இன்டெல் பொறிகள் பலவற்றில், செய்தவரின் ஒப்பம் இல்லாத நிலைபொருளை நுண்செயலியே ஏற்க மறுக்கும். திருடர் மடையை உடைக்காமல் இருக்க அப்பூட்டு வேண்டும் என்பர். பூட்டு வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் வயலுக்கு உரியவரிடம் ஒரு சாவியேனும் இருக்க வேண்டாமா?

இவ்வினாவுக்கு நம் நாட்டிலும் விடை தேடுகின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியும் அவர் குழுவினரும் சக்தி என்னும் நுண்செயலித் திட்டத்தை நடத்திவருகின்றனர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-பைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அது பின்பற்றுகிறது. 2018-இல் சக்தி நுண்செயலி சில்லாக உருப்பெற்றது. அதில் லினக்ஸும் இயங்கியது. அதே ஆண்டில் மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வுக்கூடத்திலும் சக்திச் சில்லு செய்யப்பட்டது. நிரல் மட்டுமன்றி, நுண்செயலியின் வரைவும் திறந்திருக்கும் காலத்திற்கு இது ஒரு தொடக்கம்.

மாணவ நண்பர்களே! இதனைக் கற்கப் பழைய மடிக்கணினிகூடத் தேவையில்லை. க்யூஎம்யூ என்னும் நிரல், கணிப்பொறிக்குள்ளே கற்பனையாக ஒரு கணிப்பொறியை இயக்கிக் காட்டும். மெனுகான்பிக் பட்டியலில் அக்கற்பனைப் பலகையைத் தேர்ந்து, படிமத்தைக் கட்டி இயக்கிப் பாருங்கள். தவறு செய்தால் பொருள் நட்டம் இல்லை, மீண்டும் கட்டலாம். உங்கள் நிலைபொருள் தன் முதல் வரியைத் திரையில் எழுதும்போது, அதன் பின்னே நிற்கும் ஒவ்வொரு கட்டளையையும் நீங்கள் திறந்து படிக்க முடியும். அந்த மகிழ்ச்சியை நான் சொல்லி நீங்கள் அறிவதைவிட, நீங்களே செய்து அறிவதே நன்று.

கால்வாய் நீரைக் காத்தவர்கள் வயலோடு நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் மேலே ஏறிச் சென்று, மடையையும் மதகையும் பார்த்து, மண்ணடைப்பை நீக்கினார்கள். நீங்களும் திரையோடு நின்றுவிடாமல், ஒருமுறையேனும் மேலே சென்று முதல் மடையைப் பாருங்கள்.