சட்டத்தின் முதல் சொல்

தோழர்களே, கொடும்பாளூர் மூவர் கோயிலில் மூன்று சன்னதிகளில் இன்று நிற்பவை இரண்டுதான். அந்தக் கற்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் யாரும் புதிதாகக் கட்டக்கூடாது என்கிறது தொல்லியல் சட்டம். ஓர் அறிவிப்பு கல்லைக் காக்கிறது. மனிதர்களைக் காக்கவும் ஓர் அறிவிப்பு உண்டு என்று சொல்லவே வந்தேன்.

1971இன் குடிசைப் பகுதி மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்குப் போடவே முன் அனுமதி வேண்டும். அந்த ஆண்டு சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985இல் 17. பிறகு பல ஆண்டுகள் பட்டியல் அசையவில்லை. பட்டியலுக்கு வெளியே நின்ற மக்களுக்குக் கிடைத்த பெயர் ‘ஆக்கிரமிப்பாளர்’.

2022இல் கோவிந்தசாமி நகர் வீடுகள் இடிக்கப்பட்டபோது எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். இப்படி அகற்றப்படும் குடும்பங்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குவிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை அடுக்குமாடியாக எழுப்பினால் அது வளர்ச்சியா?

நாம் இரக்கம் கேட்கவில்லை. வேலையும் பள்ளியும் இருக்கும் இடத்திலேயே வீடு கேட்கிறோம். அந்தச் சட்டத்தின் பெயரில் அகற்றுதலுக்கு முன்பே வரும் சொல் மேம்பாடு. அங்கிருந்து தொடங்குங்கள்.